பூஜையறைப் பளிங்கில் போகாத வட்டங்கள்: கல்லை மாற்ற வேண்டாம்

கல்லை மாற்ற வேண்டாம். குத்துவிளக்கைச் சுற்றிப் பளிங்கில் விழுந்த வட்டங்கள் போகவில்லை, கல்லையே மாற்றலாமா என்று கேட்டீர்கள். அது கறையே இல்லை, அரிப்பு. அதனால்தான் எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

டர்பன் வீட்டுப் பலகை, தாத்தா காலத்தில் போர்ட் ஷெப்ஸ்டன் பக்கத்துச் சின்னக் குவாரியில் வெட்டியது, குவாரியும் மூடியாச்சு, குத்துவிளக்கைச் சுற்றி மங்கல் வட்டங்கள் என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் புளி மேல்தான். விளக்கைப் புளி போட்டுத் துலக்கி, ஈரம் சொட்டக் கல்மேல் வைத்தால் அமிலம் பளிங்கைத் தின்னும். எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் செய்த வேலை, அதே கோலம்!

முதலில் சோதியுங்கள். பலகையின் அடிப்பக்க மூலையில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே குமிழிகள் எழுந்தால் அது கால்சைட் என்ற கனிமத்தாலான பளிங்கு. சும்மா கிடந்தால் ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியில் விடுங்கள். மெல்ல ஓரிரு குமிழி வந்தால் டோலமைட் என்ற இன்னொரு கனிமம். போர்ட் ஷெப்ஸ்டன் பக்கத்து உம்சிம்குலு ஆற்றங்கரைப் பளிங்கில் இரண்டும் உண்டு. டோலமைட் கொஞ்சம் கடினம், தேய்க்கக் கை வலிக்கும்.

பிறகு தண்ணீர் விட்டு, நீர் உப்புத்தாளால் 400, 800, 1500 என்ற எண் வரிசையில் தேயுங்கள். ஒன்றைத் தாண்டிக் குதித்தால் கீறல் தங்கிவிடும். கடைசியில் பளிங்குக்கான பாலிஷ் பொடியை ஈரத்துணியில் வைத்துத் தேயுங்கள். ஓரமாக உள்ளங்கை அளவு செய்து பார்த்துவிட்டு மீதியைத் தொடுங்கள்.

ஒன்று: வட்டம் பழுப்பாக இருந்தால் அது இரும்புத் துருவாக இருக்கலாம், அப்படியானால் இந்த வழி உதவாது. அதற்காகக் கழிப்பறை ஆசிட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.