சூனியக்காரியை ஓட்டிவிடாதீர்கள்
வாசகர் கேள்வி – பதில்

*‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தை ஆறு வயசு மகளுக்குப் போட்டேனுங்க. றெக்கை வச்ச குரங்குக வந்ததும் அழுதுட்டா, டிவியை நிறுத்திட்டேன். மறுநாள் அதே எடத்தைப் போடச் சொல்றா. போடலாமுங்களா?*
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

போடுங்க அம்மிணி. தப்பு நிறுத்திய இடத்தில்தான். குரங்குகள் கதாநாயகிச் சிறுமி டாரதியைத் தூக்கிப் போகிறபோது படம் நின்றுவிட்டால், குழந்தை மனசில் சூனியக்காரி இன்னும் உயிரோடுதான் இருப்பாள். அங்கிருந்து கால் மணி நேரத்துக்குள் ஒரு வாளித் தண்ணீரில் அவள் கரைந்துபோகிறாள். அதுவரை நிறுத்தாமல் ஓடட்டும். பகலில் போடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், பயமான இடத்தை ஓட்டிவிடாதீர்கள்.

குரங்கைவிடக் கொடூரமான இடம் அடுத்து வருகிறது. சூனியக்காரியின் கோட்டையில் சிவப்பு மணல் கடிகாரம் வடிந்துகொண்டிருக்கும். மந்திரப் பளிங்குப் பந்தில் டாரதியின் அத்தை ‘எம்’ தோன்றி, அவளைத் தேடிக் கூப்பிடுவாள். ‘இங்கேதான் இருக்கேன்’ என்று இவள் கதறும்போதே அத்தை முகம் மறைந்து சூனியக்காரி முகம் வந்து பழித்துக் காட்டும். பாரியூர் குண்டம் திருவிழாக் கூட்டத்தில் அம்மா கையை விட்ட குழந்தையின் பயம் அது. 1939-இல் வந்த படம் இன்றும் பிடித்து உலுக்குவது அதனால்தான். இத்தனைக்கும் சூனியக்காரி திரையில் இருப்பது மொத்தம் சுமார் 12 நிமிடம்தான்.

மறுபடி கேட்பதில் ஆச்சரியமில்லை. அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் படுகளத்தில் சாயும் ராத்திரியை, பாட்டி மடியில் போர்வைக்குள் இருந்துகொண்டே கேட்ட குழந்தைகள்தானே நம் ஊரில் எல்லோரும்!

படம் முடிந்த பிறகு, கம்பியில் தொங்கிய ஆட்களும் குட்டிப் பொம்மைகளும்தான் அந்தக் குரங்குகள் என்று சொல்லலாம். சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் முன்பு மழலையர் பள்ளி டீச்சர் என்பதையும் சொல்லுங்கள். படம் ஓடும்போது சொன்னால் எடுபடாது.

*பள்ளி ஆண்டு விழாவுக்கு, ‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் வரும் சூறாவளியைக் குறும்படமாக எடுக்க வேண்டும். எப்படிச் செய்தார்கள்?*
– ஆசிரியர், பல்லடம்

துணியில்தான். அதுவும் உங்கள் ஊர்ச் சரக்கு! படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸைச் செய்த ஆர்னால்டு கில்லெஸ்பி முதலில் ரப்பரில் செய்து பார்த்தார். விறைப்பாக நின்றது, வளையவில்லை. பிறகு 35 அடி நீள மஸ்லின் துணிக் குழாயை மேலே நகரும் கிரேனில் தொங்கவிட்டு, அடிமுனையைத் தரையில் இருந்த பிளவு வழியே வேறு திசையில் இழுத்தார்கள். தூசியும் ஊதினார்கள். மெல்லிய துணியில் கசிந்த தூசி ஓரத்தை மங்கலாக்கியதால் அது துணி என்றே தெரியவில்லை.

உங்களுக்கு 6 அடி போதும். 48 அங்குல அகலக் காடாத் துணி 2 மீட்டர் எடுங்கள். மேலே 70, கீழே 10 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றைத் தலைகீழாக வைத்தால் துணி வீணாகாது. இரண்டையும் சேர்த்துத் தைத்து, வாய்ப்பகுதியை 20 இஞ்ச் சைக்கிள் ரிம்மில் கட்டுங்கள். ஹப்பைக் கழற்ற வேண்டாம். அச்சில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் தடையில்லாமல் சுற்றும். அடிக்கொரு கம்பி வளையம் உள்ளே தைக்காவிட்டால் துணி ஒட்டிக்கொள்ளும்.

பலரும் கோட்டை விடுவது அடிமுனையில்தான். அதை இறுக்கிக் கட்டினால், மேலே சுற்றச் சுற்ற ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக் கயிறாகிவிடும். சாவிக்கொத்தில் இருக்கும் சுழலும் கொக்கியைப் போட்டு, அதில் நூல் கட்டி மேசைக்கு அடியிலிருந்து இழுங்கள்.

தூசிக்கு அவர்கள் பயன்படுத்திய அதே முல்தானி மிட்டி, கால் கிலோ. மைதா வேண்டவே வேண்டாம். காற்றில் பறக்கும் மாவு விளக்குச் சூட்டில் பற்றிக்கொள்ளும். முகக்கவசம் போட்ட பெரியவர் ஒருவரே தூவட்டும். போனைத் தரையோடு வைத்து, ஸ்லோமோஷனில் விநாடிக்கு 120 பிரேமில் எடுங்கள். சாதாரண வேகத்தில் எடுத்தால் சின்னப் பொருள் சின்னதாகவே தெரியும்.

*அதே படத்தில் டாரதியின் பழுப்பு வீட்டுக் கதவைத் திறந்ததும் வெளியே கலர். ஒரே ஷாட்டில் எப்படி?*
– வாசகர், சேலம்

முழு ஷாட்டும் கலர் பிலிம்தான். வீட்டின் உட்புறத்துக்குப் பழுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கதவைத் திறப்பது டாரதியாக நடித்த ஜூடி கார்லண்டின் டூப், பழுப்பு உடையில். அவர் விலகியதும் நீலக் கட்டம் போட்ட உடையில் கார்லண்ட் நுழைகிறார்.

*நம்ம கோவையில எடுத்த படம் எதாச்சும் இப்படிப் பயமுறுத்தியிருக்குதுங்களா?*
– வாசகர், சிங்காநல்லூர்

உங்கள் பேட்டையிலேயே, சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த ‘மர்மயோகி’ (1951). ஆவி வரும் காட்சிகளுக்காக ‘ஏ’ சான்றிதழ் வாங்கியது. கடைசியில் பார்த்தால் ஆவியாக வந்தது உயிரோடிருக்கும் ராஜாதான்.