ஊட்டிக்கு ஒரு ஸ்வெட்டர் போதுமா?

கேள்வி: டிசம்பர் கடைசியில் ஆறு வயதுப் பையனோடு ஊட்டி போகிறோம். ஆளுக்கொரு தடிமனான ஸ்வெட்டர் போதுமா? – வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: போதாதும்மா. ராயபுரத்துப் புழுக்கத்திலேயே வளர்ந்த நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். வெயிலில் ஸ்வெட்டர் வேர்க்கும், கழற்றினால் நடுங்கும். அதனால் தடியாக ஒன்று வேண்டாம், மெல்லியதாக மூன்று: உள்ளே முழுக்கை பனியன், நடுவில் கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத ஜெர்கின். அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலேயே பார்க்கலாம், ஜெர்கினை மட்டும் ஒரு அளவு பெரிதாக எடுங்கள்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். தொட்டபெட்டாவில் தூறலில் நனைந்த என்னுடையது, இரண்டு நாள் கழித்து பேசின் பிரிட்ஜ் வந்தபோதும் இடுப்புப் பட்டியில் ஈரமாகவே இருந்தது. பையனுக்கு சாக்ஸ் நான்கு ஜோடி, காதை மூடும் குல்லா. தேங்காய் எண்ணெயை வாயகன்ற டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள், அங்கே கட்டியாகிவிடும். ஈரத்துணிக்கு பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நீலகிரியில் தடை. அப்புறம், ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள், குன்னூர் தாண்டும்போதே தேடுவீர்கள்.