படிவத்தில் 'ஸ்டாண்டர்ட்' என்று டிக் போடுவதற்கு முன்

தம்பி, வணக்கம். அண்ணன் மூலமாக நீங்கள் அனுப்பிய கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். இப்போது தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன், பொங்கல் முடிந்ததும் சிட்னி திரும்புகிறேன். நேரம் கிடைக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்து ஜனவரியில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புகிறீர்கள். மகள் பெரம்பூரில் சி.பி.எஸ்.இ. பத்தாவது முடித்து, ப்ளஸ் ஒன் பாதி படித்திருக்கிறாள். அங்கே இயர் 11-இல், அதாவது பதினோராம் வகுப்பில், சேர வேண்டும். படிவத்தில் மேத்ஸுக்கு மட்டும் ஸ்டாண்டர்ட், அட்வான்ஸ்ட், எக்ஸ்டென்ஷன் என்று மூன்று பெயர் போட்டிருக்கிறது. "பத்தாவதில் ஸ்டாண்டர்ட் மேத்ஸ்தான் எழுதினாள், நல்ல மார்க். அதனால் ஸ்டாண்டர்டுக்கே டிக் போட்டுவிடலாமா? இல்லை, அங்கே இருக்கும் நண்பர்கள் சொல்கிற மாதிரி ஸ்கேலிங்குக்காக எக்ஸ்டென்ஷனில் போடலாமா?" இதுதான் உங்கள் கேள்வி. ஸ்கேலிங் என்பது பாடத்துக்குப் பாடம் மார்க்கை ஏற்றி இறக்குவது, அதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் அந்த ஸ்டாண்டர்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான். பேர் ஒன்றுதான், பொருள் தலைகீழ். சி.பி.எஸ்.இ.யில் 2020 பரீட்சையிலிருந்து பத்தாவதுக்கு பேசிக், ஸ்டாண்டர்ட் என்று இரண்டு வினாத்தாள். அதில் ஸ்டாண்டர்ட்தான் கடினமானது. சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஸ்டாண்டர்ட் என்பது கீழ்ப்படி. அதில் கால்குலஸே (நுண்கணிதம்) கிடையாது. வட்டி, கடன் தவணை, அளவைகள், புள்ளியியல் என்று அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய கணக்கு. நல்ல பாடம்தான், அதை மட்டமாக நினைக்காதீர்கள். ஆனால் உங்கள் மகள் ப்ளஸ் ஒன்னில் ஏற்கெனவே லிமிட்ஸ், டெரிவேட்டிவ்ஸ் பக்கம் வந்துகொண்டிருக்கிறாள். பெயரைப் பார்த்து அதில் டிக் போட்டால், படித்ததை விட்டுவிட்டுப் பின்னால் போகிற கதை ஆகிவிடும். கம்ப்யூட்டர் பக்கம் போகலாம் என்று யோசிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்குக் கால்குலஸ் இல்லாமல் ரொம்பக் கஷ்டம்.

நடுவில் இருப்பது அட்வான்ஸ்ட். நம் ஊர் ஃபர்ஸ்ட் குரூப் மேத்ஸுக்குக் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லலாம், எல்லாப் பாடமும் ஒத்துப்போகாது என்றாலும். எக்ஸ்டென்ஷன் 1 தனிப் பாடம் இல்லை, அட்வான்ஸ்ட் படிப்பவர்கள் அதன்மேல் சேர்த்து எடுக்கும் ஒரு யூனிட். பாடத்தின் அளவை அங்கே யூனிட் கணக்கில்தான் சொல்வார்கள். எக்ஸ்டென்ஷன் 2 இயர் 12-இல்தான் வரும், இப்போது அதை மறந்துவிடுங்கள். இங்கே காம்ப்ளக்ஸ் நம்பர்ஸ் ப்ளஸ் ஒன்னிலேயே வந்துவிடுகிறது இல்லையா, அங்கே அது எக்ஸ்டென்ஷன் 2-இல் இருக்கிறது. அதனால் உங்கள் மகளுக்குச் சில இடங்களில் "இதெல்லாம் எனக்குத் தெரியுமே" என்று இருக்கும். அதை நம்பிவிடக் கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

என் பெரியவன் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் 2007-இல் போனோம். பல வருஷம் கழித்து அவன் இயர் 10 படிக்கும்போது, தெரிந்தவர்கள் எல்லாரும் ஸ்கேலிங், ஸ்கேலிங் என்றார்கள். நானும் அட்வான்ஸ்டோடு எக்ஸ்டென்ஷன் 1 சேர்த்துப் போட்டேன். அவனைக் கேட்டுப் போடவில்லை, நானே போட்டேன். வாரத்தில் இரண்டு நாள் ட்யூஷன். ட்யூஷன் நோட்டைத் திறந்தால் கணக்கெல்லாம் அழகாக இருக்கும். ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு சாப்பாட்டு மேசையில் அவன் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். சதுரத் தகடு ஒன்று, நான்கு மூலையிலும் சமமான சின்னச் சதுரம் வெட்டி, மடித்துத் திறந்த பெட்டி செய்ய வேண்டும், எவ்வளவு வெட்டினால் பெட்டியின் கொள்ளளவு அதிகமாக இருக்கும் என்ற கணக்கு. எக்ஸ்டென்ஷன்கூட இல்லை, அட்வான்ஸ்டில் வருகிற கணக்குத்தான். டெரிவேட்டிவ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். ஆனால் எதை டெரிவேட்டிவ் எடுப்பது என்று தெரியவில்லை. பக்கம் காலியாக இருந்தது. ஒரு கோடு போடுவான், அழிப்பான். ரப்பர் துகள் மட்டும் மேசையில் சேர்ந்துகொண்டிருந்தது. இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு வயிறு பிசைந்தது. இவ்வளவு நாள் இவன் இப்படித்தான் உட்கார்ந்திருந்தானா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இயர் 12 முதல் அசெஸ்மென்ட் முடிந்ததும் எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டான். அவனிடம் 12 யூனிட் இருந்தது, 10 இருந்தால் போதும், அதனால் படிப்புக்குப் பாதகம் இல்லை. மிச்சமான நேரத்தில் அட்வான்ஸ்டை முதலிலிருந்து பிடித்தான், மார்க்கும் ஏறியது. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் "எனக்கு மேத்ஸ் வராது" என்று அவன் மனதில் விழுந்துவிட்டது. அதை எடுக்க எனக்கு இன்னும் அதிக நாள் ஆனது.

இப்போது போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் மகள் இங்கே பத்தாவது படிக்கிறாள். அதே கணக்கை அவளிடம் போட்டேன், அவளுக்குக் கால்குலஸ் தெரியாது. முப்பது சென்டிமீட்டர் சதுரமாக ஒரு சார்ட் பேப்பர் வெட்டிக் கொடுத்தேன். கூடத்தில் தரையில் உட்கார்ந்து, மூலையில் 4 சென்டிமீட்டர் வெட்டினால் அடிப்பக்கம் 22, உயரம் 4 என்று தானாகவே எழுதினாள். 1936 வந்தது. பிறகு 5 போட்டுப் பார்த்தாள், 2000. அடுத்து 6, அது 1944. "அத்தை, அஞ்சுலதான் ஜாஸ்தியா வருது. ஆனா நாலே முக்கால்ல என்ன வரும்?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை, நாலே முக்கால், அஞ்சேகால் இரண்டையும் போட்டு முடித்துத்தான் எழுந்தாள்.

தம்பி, நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். மார்க் ஷீட் இதைக் காட்டாது. பழகாத ஒரு கணக்கை, யாரும் பக்கத்தில் இல்லாமல், பிள்ளையே தொடங்குகிறதா? விடை தப்பாக வந்தால்கூடப் பரவாயில்லை. தொடங்குகிற பிள்ளை அட்வான்ஸ்டில் தாங்கும். தொடங்கிவிட்டு, விடை வந்த பிறகும் விடாமல் "அப்படியானால் இது என்ன?" என்று போகிற பிள்ளைக்கு எக்ஸ்டென்ஷன் சந்தோஷமாகவே இருக்கும். அங்கே வினாத்தாள் நம் ஊர் மாதிரி புத்தகப் பயிற்சியிலிருந்து அப்படியே வராது. கால்குலேட்டர் உண்டு, சூத்திரங்கள் அச்சடித்த தாளும் கையில் கொடுத்துவிடுவார்கள். மனப்பாடத்துக்கு அங்கே வேலை குறைவு. கணக்கை வார்த்தையில் கொடுத்து, அதைச் சமன்பாடாக மாற்றுவதில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு ஆங்கில நடையும் சேர்ந்துகொள்கிறது. "தெரிந்த பாடம்தானே" என்று நம்பக் கூடாது என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

எக்ஸ்டென்ஷன் எப்படி இருக்கும் என்று கேட்டால், ஹவுசிங் போர்டு மொட்டை மாடியிலிருந்து பந்தை எறிகிறோம், எதிர் பிளாக் சுவரைத் தாண்ட எந்தெந்தக் கோணத்தில் எறியலாம் என்கிற மாதிரி. ஒரே கணக்கில் மூன்று நான்கு யோசனையைக் கோக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் 2-இல் ரூட் இரண்டைப் பின்னமாக எழுதவே முடியாது என்று நிரூபி என்பார்கள்.

ஸ்கேலிங் பற்றி. அது பொய் இல்லை. ஆனால் "கஷ்டமான பாடத்துக்குப் போனஸ் மார்க்" என்று நம் ஆட்கள் சொல்வது சரியில்லை. ஒரு பாடத்தை எடுத்த பிள்ளைகள் மற்ற பாடங்களில் எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் என்பதைப் பார்த்து அந்தப் பாடத்தின் மார்க்கை ஏற்றி இறக்குகிறார்கள். எக்ஸ்டென்ஷனில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கூடுவதால் அது மேலே போகிறது. அந்தக் கூட்டத்தில் நடுவில் நிற்க முடிந்தாலும் லாபம்தான். நிற்கவே முடியாமல், மற்ற நான்கு பாடத்தின் நேரத்தையும் அது தின்றால் நஷ்டம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்காகக் கடைசியில் வருகிற ஏடார் (ATAR) மார்க்கே இல்லை, அது ரேங்க். 80 என்றால் நூற்றுக்கு எண்பது மார்க் இல்லை, அந்த வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேருக்கு மேலே என்று அர்த்தம். எங்கள் அம்மா என் மகன் நம்பரைக் கேட்டு முகம் வாடிவிட்டார், நான் அரை மணி நேரம் விளக்கினேன்.

சரி, உங்கள் மகளுக்கு என்ன செய்யலாம்? என் அபிப்பிராயம், அட்வான்ஸ்டில் டிக் போடுங்கள். எக்ஸ்டென்ஷனைப் பள்ளியில் மேத்ஸ் ஹெட் டீச்சரைப் பார்த்துப் பேசிவிட்டு, மகளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். பேசும்போது மகள் பேசட்டும், நீங்கள் பேசாதீர்கள். இயர் 11 மார்க் ஏடாருக்குச் சேராது, அது தைரியமாகப் பார்க்கக் கிடைக்கிற வருஷம். இயர் 12 பாடம் அந்த வருஷம் அக்டோபர் வாக்கிலேயே தொடங்கிவிடும், அதற்குள் முடிவு தெரிந்துவிட வேண்டும். மேலிருந்து கீழே இறங்குவதைப் பள்ளிகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஸ்டாண்டர்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு அட்வான்ஸ்டுக்கு ஏறுவது ரொம்பச் சிரமம், அதற்குள் கால்குலஸ் பாதி தூரம் போயிருக்கும்.

பல்கலைக்கழக விஷயத்தில் ஒரு வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். சில படிப்புக்கு அட்வான்ஸ்ட் கட்டாயம் என்று எழுதியிருப்பார்கள், இல்லையென்றால் சீட்டே இல்லை. சில படிப்புக்கு "தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். சீட்டு தருவார்கள், ஆனால் முதல் வாரத்திலேயே அந்தப் பாடம் தெரிந்த மாதிரித்தான் நடத்துவார்கள். இரண்டாவது வகையைப் பார்த்து "மேத்ஸ் வேண்டாம் போல" என்று நினைத்து ஏமாந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். மேத்ஸே எடுக்காமலும் அங்கே பன்னிரண்டாவது முடிக்கலாம், ஆங்கிலம் மட்டும்தான் கட்டாயம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஸ்டாண்டர்ட் எடுத்து, நிம்மதியாகப் படித்து, இன்றைக்கு உங்கள் வீட்டம்மா மாதிரியே நர்ஸாக இருக்கிறாள். அவளுக்கு அது சரியான படி.

கிளம்புவதற்கு முன் ஒன்று செய்ய முடிந்தால் செய்யுங்கள். ராயபுரத்தில் பி.கே. சீனிவாசன் ஐயா 1993-இல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகத்துக்கு மகளைக் கூட்டிப்போங்கள். அவர் முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், கணக்கைச் செய்துபார்த்துக் கற்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக அங்கே போயிருக்கிறேன். பக்கத்திலேயே இருக்கிற துறைமுகத்தில் 1912-இல் மாதம் 30 ரூபாய்க்குக் கிளார்க்காக இருந்த ராமானுஜனும், மற்ற பாடங்களில் தவறி அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையான எஃப்.ஏ.வில் தோற்றவர்தான் என்று அங்கேதான் முதலில் கேட்டேன். பத்தாவது மார்க்கை நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு அது பெரிய ஆறுதல்.

சாமான் கட்டும்போது ப்ளஸ் ஒன் மேத்ஸ் நோட்டையும் புத்தகத்தின் பொருளடக்கத்தையும் கைப்பையில் வையுங்கள். மார்க் ஷீட்டைவிட அதைக் காட்டினால் டீச்சருக்கு எதுவரை படித்திருக்கிறாள் என்று சட்டென்று புரியும். படிவத்தை அனுப்புவதற்கு முன் அந்தப் பெட்டிக் கணக்கை மகளிடம் கொடுங்கள். பேப்பரும் கத்தரிக்கோலும் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். முதல் பத்து நிமிஷம் என்ன செய்தாள் என்று அவளிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள். பொங்கல் வரைக்கும் இங்கேதான் இருப்பேன், தண்டையார்பேட்டைக்கு அவளை ஒருநாள் கூட்டிவந்தாலும் சரி.