புது உணவகம் தேடிப் போவதை நிறுத்திவிட வேண்டுமா?

கேள்வி: நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இருவருமே சாப்பாட்டுப் பிரியர்கள். பக்கத்தில் எங்கே புது உணவகம் திறந்தாலும் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. கைக்கு வரும் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டால், வெளிச் சாப்பாட்டுக்கு 20 போகிறது. முதலீட்டுக்கு 5தான். கிரெடிட் கார்டில் 40 பாக்கி. வட்டி மாதம் 3 சதவீதம். வீடு வாங்க முன்பணமும் சேர்க்க வேண்டும். ஒரு வருடம் உணவகம் பக்கமே போக வேண்டாம் என்கிறார் மனைவி. எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாத கார்டு ஸ்டேட்மென்டை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: ஸ்டேட்மென்டை வரிவரியாகப் பார்த்தேன். நீங்கள் ஆசையாகத் தேடிப்போன உணவகங்களுக்கு ஆன செலவு, அந்த 20-இல் வெறும் 8. மீதி 12, வார நாள் இரவுகளில் செயலி வழியாக வீட்டுக்கு வரவழைத்தது. அதுவும் மாற்றி மாற்றி அதே இரண்டு மூன்று கடைகள். சமைக்க அலுப்பாக இருந்த நாட்களாக இருக்கும். போன வாரம் வந்த பொட்டலத்தில் என்ன இருந்தது என்று இன்று கேட்டால் இருவரில் ஒருவருக்காவது நினைவிருக்குமா, சந்தேகம்தான். மனைவி நிறுத்தச் சொல்வது அந்த 8-ஐ. உங்களைக் கடனில் தள்ளியது இந்த 12.

அதனால் 8 அப்படியே இருக்கட்டும். 12-ஐ 5 ஆக்குங்கள். முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை, அலுப்பான நாட்கள் எல்லோருக்கும் வரும். ஆனால் அந்த நாளுக்கென்று பத்து நிமிடத்தில் ஆகிற ஏதாவது ஒன்று வீட்டில் தயாராக இருக்கட்டும். செயலிகள் உணவகத்திடம் வாங்கும் கமிஷன் பல இடங்களில் 15 முதல் 30 சதவீதம் வரை. அதைச் சமாளிக்கப் பல உணவகங்கள் செயலியில் விலையை ஏற்றி வைக்கின்றன. அதற்கு மேல் டெலிவரி கட்டணம் வேறு. அதே பண்டத்தை நீங்களே நேரில் போய் வாங்கி வந்தால் என்ன விலை என்று ஒரே ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள், போதும்.

இப்போது அந்த 40. மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். கூட்டு வட்டியில் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகை, என்று 5 சதவீதம் மட்டும் கட்டினால், கட்டும் 2-இல் 1.2 வட்டிக்கே போய்விடும். இந்த வட்டியைத் தாண்டி உறுதியாக லாபம் தரும் முதலீடு எதுவும் எனக்குத் தெரியாது. ஆகவே முதலீட்டின் 5-ஐத் தற்காலிகமாக நிறுத்துங்கள். மிச்சமாகும் 7-ஐயும் சேர்த்து மாதம் 12 கட்டினால் நான்காவது மாதம் பாக்கி தீர்ந்துவிடும். ஒரு நிபந்தனை: அதுவரை கார்டைத் தேய்க்கக் கூடாது. பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி போடுவது பெரும்பாலான கார்டுகளின் வழக்கம். உணவக பில்லுக்கு 5 சதவீதம் கேஷ்பேக் என்று மகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். இரண்டு மாதம் பாக்கி வைத்தால் அந்த 5-ஐயும் தாண்டி வட்டி வாங்கிவிடுவார்கள்.

(கார்டில் வாங்கிக்கொண்டு பிறகு கட்டும் பழக்கம் பரவியதில் உணவக பில்லுக்கும் பங்கு உண்டு. 1950-இல் நியூயார்க்கில் தொடங்கிய டைனர்ஸ் கிளப் கார்டு அதற்காகவே வந்தது. ஆனால் அதில் பாக்கி வைக்க வழியில்லை, மாதா மாதம் முழுத்தொகையும் கட்டியாக வேண்டும்.)

8-ஐ எப்படிக் கையாள்வது? சம்பளம் வந்த அன்றே தனி சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். உணவக பில் அந்தக் கணக்கின் டெபிட் கார்டிலிருந்தோ ரொக்கமாகவோதான் போக வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2001-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேட்டவர்களில் கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம்தான் என்று சொல்லப்பட்டவர்களைவிட இரண்டு மடங்கு அளவுக்குக்கூட அதிகம் கேட்டார்கள். மெனு கார்டைப் பார்க்கும்போதும் கை அப்படித்தான் நீளும். மாதக் கடைசியில் மிச்சமிருந்தால் அடுத்த மாதத்துக்குச் சேரட்டும். விலை அதிகமான அந்த ஓர் இடத்துக்கு மூன்று மாதம் சேர்த்து ஒரு தடவை போகலாம், தப்பே இல்லை.

உங்களைப் போன்ற இருவருக்கு அதே 8-இல் இன்னும் அதிக இடங்கள் பார்க்க வழி இருக்கிறது. முதல் தடவை போவது மதியமாக இருக்கட்டும். அதே சமையலறைதான், பல இடங்களில் மதிய மெனு இரவைவிட மலிவு. ஆளுக்கொரு முழுச் சாப்பாடு என்றில்லாமல் பங்கிட்டுச் சாப்பிடுங்கள். பானங்களில்தான் உணவகத்துக்கு லாபம் கொழிக்கும், ருசி பார்க்க வந்தவர்களுக்குத் தண்ணீர் போதும். திறந்த முதல் வாரமே ஓட வேண்டாம். சமையலறை ஒரு நிலைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும். அதற்குள் நீங்கள் கொடுக்கும் முழு விலை அவர்களுடைய ஒத்திகைக்குத்தான்.

வருடச் சந்தா கட்டினால் உணவகங்களில் தள்ளுபடி தரும் திட்டத்தில் சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கட்டிய காசை எடுக்க வேண்டுமே என்று, பிடிக்காத இடத்துக்கும் போவீர்கள்.

பாக்கி தீர்ந்த பிறகு, கார்டுக்குக் கட்டிவந்த 12-இல் 5 மறுபடி முதலீட்டுக்கு, 7 அவசரகால நிதிக்கு. மூன்று மாத அத்தியாவசியச் செலவு கையில் சேர்ந்த பின், அதே 7 வீட்டு முன்பணத்துக்குத் திரும்பட்டும். இந்தக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து போடுங்கள். 8 போதுமா, 6 ஆக்கலாமா என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அவர் 6 என்றால் நான் அவர் பக்கம்.