மாலை உலாவில் கடைசி இடத்துக்குப் போவதற்குள் இருட்டிவிடுகிறது: என்ன கேட்பது?

மூன்று இடங்களைச் சுற்றிக் காட்டும் வண்டியில் 5:30க்கு ஏறியும், கடைசியில் வரும் கடல் முனையில் கும்மிருட்டு என்கிறீர்கள். வண்டிக்காரரிடம் கிளம்பும் நேரத்தை அல்ல, இடங்களின் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். மூன்று இடங்களில் மேற்கே கடல் தெரியும் முனைக்குச் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே போய்விட வேண்டும். ஊர் விளக்குகள் தெரியும் குன்று கடைசியில் வரட்டும், அதற்கு இருட்டுதான் அழகு.

இருட்டிவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கும்: வண்டி நேரம் வருடம் முழுக்க ஒன்றே, சூரியன் மறையும் நேரமோ நகர்ந்துகொண்டே இருக்கும். நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக வித்தியாசம் மணிக்கணக்கில் வரும்.

பணம் கட்டுமுன், போகிற தேதிக்கு மறையும் நேரத்தைக் கைபேசியில் பாருங்கள். அப்புறம் வரைபடத்தில் அந்த முனைக்கு மேற்கே மலை நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால், சொன்ன நேரத்துக்கு முன்பே சூரியன் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

வழியில் சந்தேகம் வந்தால் கையை முழுக்க நீட்டி, அடிவானத்துக்கு மேல் விரல்களைப் படுக்கையாக அடுக்குங்கள். சூரியனின் அடிவரை ஒரு விரலுக்குச் சுமார் கால் மணி. துருவப் பக்க ஊர்களில் இன்னும் கூடும். கணக்குத் தோராயம்தான், ஆனால் ஓட்டுநரை அவசரப்படுத்த அது போதும். சூரியனையே உற்றுப் பார்க்காதீர்கள்.

ஒன்று மட்டும்: உங்கள் ஊர்க் கடல் கிழக்கே இருந்தால் வரிசையை எப்படி மாற்றினாலும் சூரியன் கடலில் இறங்காது. அங்கே பௌர்ணமி மாலையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். சூரியன் மறைகிற வேளையை ஒட்டி நிலா கடலிலிருந்து எழும். மேகமூட்டம் இருந்தால் அதுவும் இல்லை.