இடுப்பு வரை கோரைமுடி: பெர்ம் செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது. இடுப்பைத் தொடும் நீளத்தில் அடர்த்தியான கோரைமுடி. பின்னல் போட்டால் சற்று நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. பூச்சரம் நழுவி விழுகிறது. விரித்துவிட்டால் தலையோடு ஒட்டிப் படிந்து முகமே சிறுத்துத் தெரிகிறது. அலையலையான கூந்தல் மீது பள்ளி நாள் முதல் எனக்கு ஆசை. வருகிற தை மாதம் தம்பிக்குத் திருமணம். நாத்தனார் முடிச்சுப் போடப்போகிறவள் நான் என்பதால், அதற்குள், மருந்து போட்டு முடியைச் சுருளாக்கும் பெர்ம் செய்துகொள்ள நினைக்கிறேன். மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம், ஆறு மாதம் அப்படியே நிற்கும் என்று பார்லரில் சொல்கிறார்கள். அம்மாவோ, "இருக்கிற முடியையும் தொலைத்துவிட்டு நிற்கப்போகிறாய்" என்று தடுக்கிறார். இளநரைக்காக மூன்று ஆண்டுகள் பாக்கெட்டில் வரும் கருப்பு மருதாணித் தூள் போட்டுவந்தேன். நிறுத்தி ஒன்றரை ஆண்டு ஆகிறது. நீளத்தை இழக்கவும் மனமில்லை. என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு விரிவாகப் பார்ப்போம். தைக்குள் பெர்ம் வேண்டாம். இடுப்பு வரையிலான நீளம், நிலைத்து நிற்கும் சுருள் ஆகிய இரண்டும் ஒருசேர உங்களுக்குக் கிடைக்காது என்பதையும் இப்போதே ஏற்றுக்கொள்வது நல்லது. ஆனால் உங்கள் ஆசை நிறைவேறவே நிறைவேறாத ஆசை அல்ல. அதற்குக் கொஞ்சம் காலமும், கத்திரிக்கோலுக்குச் சம்மதமும் தேவைப்படும்.

இந்த விஷயத்தில் பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று, தலைமுடிக்கும் வயது உண்டு என்பது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பைத் தொடும் முடி ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளமாவது இருக்கும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் பின்னலின் நுனி ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் தலையிலிருந்து முளைத்தது. இத்தனை ஆண்டு வெயிலையும், போர் தண்ணீரின் உப்பையும், சீப்பின் இழுப்பையும், ஈரத்தோடு போட்ட கொண்டைகளையும் தாங்கிவந்த பகுதி அது. நெடுநாள் பெட்டியில் கிடந்த பட்டுச் சேலை மடிப்பில் இழைவிட்டுப் போவதைப் போல, மேலே பளபளப்பு இருந்தாலும் நுனி முடியின் மேல்செதில்கள் தேய்ந்து உள்பகுதி வலுவிழந்திருக்கும். வேரிலிருந்து ஒரு சாண் வரை உள்ள முடிக்குச் சரியாகப் பொருந்தும் மருந்தும் நேரமும் நுனிக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். நீளமான கூந்தலுக்குப் பெர்ம் செய்வது, வெவ்வேறு வயதுள்ள முடிக்கு ஒரே நேரத்தில் ஒரே மருந்தைப் போடுவதாகும்.

அந்த மருந்து என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் இழைகளைக் குறுக்கே பிணைத்து உறுதி தருபவை கந்தகப் பிணைப்புகள். வழக்கமான பெர்ம் கரைசலில் உள்ள அம்மோனியம் தயோகிளைகோலேட் இந்தப் பிணைப்புகளில் ஒரு பகுதியை அறுக்கிறது. உருளையில் சுற்றப்பட்ட முடி இளகி அந்த வளைவுக்கு இணங்கிய பிறகு, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த இரண்டாவது கரைசலை ஊற்றுவார்கள். அறுந்த பிணைப்புகள் புதிய இடத்தில் மீண்டும் சேர்ந்து சுருளைப் பிடித்துக்கொள்கின்றன. அறுந்தவை எல்லாம் திரும்பச் சேர்வதில்லை என்பதால், எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் முடி முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே வெளிவரும். இளம் முடி அந்த இழப்பைத் தாங்கும். ஆறு வயது நுனி தாங்குமா என்பதுதான் கேள்வி. ஒரு சிறு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தலைக்குக் குளித்த ஈரத்தோடு, சீப்பில் வந்த நீளமான ஒரு முடியை எடுத்து, வேர்ப்பக்கத்து ஒரு துண்டையும் நுனிப்பக்கத்து ஒரு துண்டையும் தனித்தனியே இரு விரல்களுக்கிடையில் மெதுவாக இழுங்கள். நலமான முடி சற்று நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். நுனித் துண்டு நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் தொய்ந்தாலோ, நீளாமலே அறுந்தாலோ, அந்தப் பகுதி பெர்முக்கு உரியதல்ல.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது கருப்பு மருதாணித் தூள்தான். அசல் மருதாணி இலைப்பொடி முடியைக் கருப்பாக்காது, செம்பழுப்பாகவே ஆக்கும். கருப்பு நிறம் தரும் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் பி.பி.டி. எனப்படும் சாயப்பொருள் இருக்கும். சில தயாரிப்புகளில் உலோக உப்புகளும் சேர்க்கப்படுவதுண்டு. உலோக உப்பு படிந்த முடியின் மீது பெராக்சைடு பட்டால், முடி சட்டெனச் சூடேறி, நிறம் மாறி, கையோடு ஒடிந்து வரக்கூடும். நிறுத்தி ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டதே என்று நீங்கள் நினைக்கலாம். இந்த ஒன்றரை ஆண்டில் புதிதாக வளர்ந்தது சுமார் 18 சென்டிமீட்டர் மட்டுமே. அதற்குக் கீழே உள்ள முடியில் சாயம் அப்படியே இருக்கிறது. பெர்ம் செய்வதற்கு முன்னால், வெட்டியெடுத்த ஒரு சிறு கற்றையைப் பெராக்சைடும் சில துளி அம்மோனியாவும் கலந்த கிண்ணத்தில் அரை மணி நேரம் ஊறவைத்து, சூடோ நுரையோ கெட்ட வாடையோ வருகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. தொழில் தெரிந்தவர்கள் அதைத் தாங்களாகவே செய்வார்கள். "தலைக்கு இதற்கு முன் என்ன போட்டீர்கள்?" என்று உங்கள் பார்லரில் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. அதைக் கேட்காமலே மூன்று மணி நேரக் கணக்குச் சொல்லும் இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள். அடர்ந்த, இடுப்பளவு கூந்தலைச் சுற்றி முடிக்கவே நேரம் போதாதபோது, மூன்று மணி நேரத்தில் முழு வேலையும் முடியும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. (28 வயதில் நரைக்கு மருந்து தேடும் நிலை இருப்பதால், வைட்டமின் பி12 அளவையும் தைராய்டையும் ஒரு முறை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள்.)

சுற்றும் முறை என்று ஒன்று இருக்கிறது. நீளக் கூந்தலுக்கு அதுவே பாதி வெற்றி. பொதுவாக நுனியில் மெல்லிய தாளை மடித்துவைத்து, நுனியிலிருந்து வேரை நோக்கி முடியை உருளையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். தோளளவு முடிக்கு இது நன்றாக அமையும். இடுப்பளவு முடியை இப்படிச் சுற்றும்போது சுற்றுக்கு மேல் சுற்று ஏறி உருண்டை பருத்துவிடும். உள்ளே இருக்கும் நுனி இறுக்கமாகச் சுருளும். மேலே வரவர வளைவு அகன்று, காதுக்கு மேலே ஏறக்குறைய நேராகவே நின்றுவிடும். நலிந்த நுனி அளவுக்கு மீறிச் சுருண்டு வறள்வதும், நீங்கள் நிறைந்து தெரிய வேண்டும் என்று விரும்பும் உச்சிப்பகுதி தட்டையாகவே இருப்பதும் இதனால்தான். நீளமான உருளையில், ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாதபடி, கொடி சுற்றுவதுபோல் செங்குத்தாகச் சுற்றினால்தான் மேலிருந்து கீழ்வரை ஒரே சுருள் கிடைக்கும். இதற்கு அதிகப் பொறுமையும் உடன் வேலை செய்ய இன்னொருவரும் வேண்டும். இவ்வளவு செய்தாலும், உங்கள் முடியின் எடை சும்மா இருக்காது. கனமான கோரைமுடி தன் பாரத்தாலேயே சுருளைக் கீழே இழுத்துத் தளர்த்திவிடும். அதோடு, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் வேரில் நேரான முடி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறாவது மாதம் கண்ணாடியில் பார்க்கும்போது மேலே மூன்று விரல் அகலத்துக்கு நேராகவும், அதற்குக் கீழே அலையாகவும் இருக்கும் என்பதை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தாயார் சொல்வதில் பாதி உண்மை. கெட்டுப்போன முடித்தண்டை எந்த எண்ணெயும் எந்த கண்டிஷனரும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் முடியின் வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது. கரைசல் தலைத்தோலில் தேங்கிப் புண்ணாக்காதவரை, புதிதாக முளைக்கும் முடி முன்புபோலவே வளரும். "இனி முடியே வராது" என்பது அவருடைய அச்சம் என்றால், அதை இந்த விளக்கத்தோடு தணியுங்கள். அவர் ஆசை ஆசையாகச் சீயக்காய் தேய்த்துப் பின்னிவிட்டு வளர்த்த கூந்தல் அது. அவருடைய மறுப்பில் அந்த வருத்தமும் கலந்திருக்கும்.

இனித் திருமணத்துக்கு வருவோம். மருந்து எதுவும் இல்லாமலே அன்றைய ஒரு நாளுக்கு உங்களால் அலை வரவழைக்க முடியும். முடியில் இன்னொரு வகைப் பிணைப்பும் உண்டு. அது தண்ணீர் பட்டால் விலகி, காய்ந்தால் சேரும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், முடி முக்கால்வாசி காய்ந்ததும் ஆறு பின்னல்களாகப் பிரித்து, நுனி வரை பின்னிக் கட்டிவிடுங்கள். உள்ளே ஈரம் துளியும் இல்லாமல் உலர்ந்த பின்தான் அவிழ்க்க வேண்டும். உங்கள் அடர்த்திக்கு ஓர் இரவு முழுவதும் தேவைப்படும். அவிழ்த்ததும் சீப்பு வைக்காமல் விரல்களால் மட்டும் கோதிவிட்டு, ஹேர் ஸ்ப்ரே லேசாக அடித்தால், தாலி கட்டும் நேரம் தாண்டியும் அலை நிற்கும். குளித்த மறுநாள் முடியில் வழுக்கல் குறைந்திருக்கும் என்பதால் பூவும் நிற்கும். ஹேர்பின்னை நெளிவான பக்கம் தலையை ஒட்டி இருக்கும்படி செருகி, அதன் மேல் இன்னொன்றைக் குறுக்காகப் போட்டு, அந்தப் பிடிப்பின் மீது சரத்தை வையுங்கள். கோரைமுடியில் பூ நழுவுவதற்குப் பல நேரங்களில் பின்னைத் தலைகீழாகச் செருகுவதே காரணம். தைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

திருமணம் முடிந்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால், அதற்கான வழி இதுதான். ஆறு வாரத்துக்கொரு முறை நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். அடுத்த ஆண்டு தை வரும்போது சாயம் படாத முடி வேரிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கும். அப்போது தோளளவுக்கு வெட்டிக்கொள்ள உங்களுக்குச் சம்மதமானால், கிட்டத்தட்ட முழுவதும் புதிய முடியில் பெர்ம் செய்துகொள்ளலாம். சோதனையில் உலோக உப்பு இல்லை என்று தெரிந்து, இழுத்துப் பார்த்த முடியும் நலமாக இருந்தால், முதுகில் தோள்பட்டை எலும்பு வரை நீளம் வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. உங்களைப் போன்ற நேரான, தடித்த முடிக்கு, சூடேறும் உருளைகளைக் கொண்டு செய்யும் டிஜிட்டல் பெர்ம் பொருத்தமாக அமைகிறது. சாதாரணப் பெர்மில் ஈரத்தில் இறுக்கமாகத் தெரியும் சுருள் காய்ந்ததும் தளரும். டிஜிட்டல் பெர்மில் காயும்போதுதான் அலை எடுப்பாக எழும். இடையில் ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெய்ட்னிங் போன்ற எதையும் செய்துகொள்ளாதீர்கள். அவற்றுக்குப் பிறகு பெர்ம் செய்தால், ஏற்கெனவே அறுத்துச் சேர்த்த பிணைப்புகளையே மறுபடியும் அறுக்க வேண்டிவரும்.

செய்துகொண்ட பின் வாழ்க்கைமுறையிலும் சில மாற்றங்கள் வேண்டும். முதல் இரண்டு நாட்கள் தலைக்குக் குளிக்கவோ, ரப்பர் பேண்டு போடவோ, இறுகப் பின்னவோ கூடாது. அதற்குப் பிறகும் நெருக்கமான பல்லுள்ள சீப்பை ஒதுக்கிவிட்டு, அகன்ற பல்லுள்ள சீப்பால் ஈரத்தில், கண்டிஷனரோடு மட்டும் சிக்கெடுக்க வேண்டும். தினமும் தலைநிறைய எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னும் வழக்கம் சுருளைக் கொன்றுவிடும். ஆனால் தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேங்காயெண்ணெய் தடவுவதை விட்டுவிடாதீர்கள். முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கும் தன்மை அதற்கு உண்டு. பெர்ம் செய்யும் நாளன்று மட்டும் முடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. கருவுற்றிருந்தாலோ, குழந்தை பிறந்து முடி கொட்டிக்கொண்டிருக்கும் மாதங்களாக இருந்தாலோ, திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

முழுத்தலையையும் ஒப்படைப்பதற்கு முன், காதுக்குப் பின்புறத் தோலில் கரைசலைத் தொட்டுவைத்து இரண்டு நாள் அரிப்பு, தடிப்பு ஏதும் வருகிறதா என்று பாருங்கள். அடுத்ததாக, பிடரிக்கு அருகே உள்ளடுக்கில் சுண்டுவிரல் பருமனுள்ள ஒரே ஒரு கற்றைக்கு மட்டும் பெர்ம் செய்யச் சொல்லிப் பணம் கொடுத்துவிட்டு வாருங்கள். மூன்று வாரம் அதை வழக்கம்போல் அலசிச் சிக்கெடுத்து, உங்கள் வீட்டுத் தண்ணீரிலும் உங்கள் ஊர்ப் புழுக்கத்திலும் அது எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். கற்றை ஒடியாமல், சொரசொரப்பாகாமல், அந்த அலையும் உங்களுக்குப் பிடித்திருந்தால், அதே கையால் முழுத்தலைக்கும் செய்துகொள்ளுங்கள்.