கான்கிரீட் பாலம் தீயில் இடிந்து விழுமா? அப்படி ஒரு போக்குவரத்து முடக்கத்தில் மாட்டியவர்கள் யாராவது உண்டா?

மாட்டியவன் நான். 2017 மார்ச் 30, வியாழக்கிழமை சாயங்காலம், அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஐ-85 நெடுஞ்சாலைப் பாலம் தீயில் விழுந்தபோது. கான்கிரீட் எரியாது, ஆனால் விழும். சிவில் படித்த எனக்கு இது அன்றைக்கு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

கேட்டவர் அநேகமாக ஃபிலடெல்ஃபியா வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். 2023 ஜூன் 11 அன்று பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்து ஐ-95 நெடுஞ்சாலைப் பாலம் விழுந்ததே, அதுதான். அங்கே டேங்கர் ஓட்டுநர் இறந்துபோனார். எங்கள் ஊரில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை, விழுவதற்குள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அதனாலேயோ என்னவோ எங்கள் பாலத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக வந்து இறங்கினார்கள், சென்னையிலிருந்து தோஹா வழியாக. விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, என் வீடு வடக்கே டுலூத்தில். நடுவில் நகரத்தைக் கிழித்துக்கொண்டு போகிற ஐ-85தான் எங்களுக்கு ராஜபாட்டை. கூட்ட நேரத்திலும் ஒன்றேகால் மணி நேரத்தில் வீடு. அம்மாவிடம் "எட்டு மணிக்குச் சுடச்சுட சாதம்" என்று சொல்லிவிட்டேன்.

மிட்டவுனை நெருங்கும்போது வண்டிகள் அப்படியே நின்றன. எதிரே வானத்தில் கரும்புகை. வைக்கோல் போர் எரிந்தால் வருகிற சாம்பல் புகை இல்லை, டயர் எரித்தால் வருமே, அந்த மைக் கறுப்பு. ஃபோனைப் பார்த்த மனைவி, பீட்மான்ட் சாலைக்கு மேலே போகிற 85 பாலத்துக்கு அடியில் தீ என்றாள்.

"பாலம்னா கான்கிரீட்டுப்பா, எரியாது. அரை மணில அணைச்சுட்டு விட்ருவாங்க" என்றேன். பி.இ. படித்த தோரணை.

அப்பா பின்சீட்டிலிருந்து, "கீழ என்னடா வச்சிருந்தானுங்க?" என்றார்.

அப்பா நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர், விழுப்புரம் பக்கம். நான் சிரித்தேன். "இது அமெரிக்காப்பா, பாலத்துக்கு அடியில யாரு என்ன வைக்கப் போறாங்க?" ஏழு மணி வாக்கில் பாலம் விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. அடியில் இருந்தது மாநிலப் போக்குவரத்துத் துறையே பல வருடமாக அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் குழாய்ச் சுருள்கள், கேபிள் பதிப்பதற்கு வாங்கியவை என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா "ம்" என்று மட்டும் சொன்னார். அந்த "ம்" இன்னும் காதில் இருக்கிறது.

சிவில்காரர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நான் படித்ததோடு சரி, பிழைப்பு ஐடியில். தெரிந்தவரை இதுதான் நடக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கிற ஈரம் சூட்டில் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் மேல் அடுக்கைப் பட்பட்டென்று வெடித்துத் தள்ளும். உள்ளே இருக்கிற கம்பி வெளியே தெரியும். சாதாரணக் கம்பி 600 டிகிரி வாக்கில் பாதி வலுவை இழந்துவிடும், முறுக்கி இழுத்துக் கட்டிய கம்பி என்றால் அதற்கு முன்பே. மேலே தன் எடையைத் தாங்கவே தெம்பில்லாமல் பாலம் உட்கார்ந்துவிடும்.

இனி அன்றைய இரவு. 14ஆம் தெரு எக்ஸிட்டில் இறங்கி பீச்ட்ரீ தெருவைப் பிடித்தேன். அட்லாண்டாவில் பாதிச் சாலைக்குப் பீச்ட்ரீ என்றே பெயர், எதைப் பிடித்தாலும் அது பீச்ட்ரீயாகத்தான் இருக்கும். 85இல் ஒரு நாளைக்குப் போகிற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் பாதியாவது எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தது. ஒன்பது மணிக்கு பக்ஹெட்டையே தாண்டவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. காரில் ஒரு சாக்லெட் இல்லை. ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து, அம்மா கயிறு கட்டி அதன்மேல் செல்லோடேப் சுற்றி அதன்மேல் மறுபடியும் கயிறு கட்டியிருந்த பெட்டியைக் கார் சாவியால் அறுத்தேன். பத்து நிமிடம். உள்ளே புடவைக்கு நடுவில் ஹார்லிக்ஸ் பாட்டில், அதற்குள் பொருள்விளங்கா உருண்டை. அந்த உருண்டையை உடைக்க அப்பா பெட்டியின் இரும்பு மூலையில் ஒரு தட்டுத் தட்டினார் பாருங்கள், பக்கத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வீடு வந்து சேர்ந்தபோது பதினொன்றரை.

அடுத்த ஆறு வாரமும் டோராவில் ஸ்டேஷன் வரை காரில் போய் அங்கிருந்து மார்ட்டா என்கிற நகர ரயில். ஆறேகாலுக்குள் போகாவிட்டால் பார்க்கிங் கிடைக்காது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று மேலாளரிடம் கேட்டதற்கு, "பாலம் இல்லேன்னா வேற ரோடு இருக்குல்ல?" என்றார். நம்ம ஊர்க்காரர்தான். ஆபீஸிலிருந்து பத்து நிமிட நடையில் வீடு.

ரயில் ஏன் டோராவிலோடு நின்றது என்று கேட்கிறீர்களா? நான் இருக்கிற க்வினெட் கவுண்டி மக்கள் 1971இல் மார்ட்டா வேண்டாமென்று ஓட்டுப் போட்டார்கள். 1990இல் மறுபடியும் வேண்டாம். பாலம் விழுந்து இத்தனை பாடுபட்ட பிறகு 2019 மார்ச்சில் மூன்றாவது முறை கேட்டார்கள், அப்போதும் வேண்டாம்! சொத்து வரி, விற்பனை வரி எல்லாம் ஒழுங்காகக் கட்டுகிற எனக்கு அந்த ஓட்டு இல்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவனுக்கு ஏது ஓட்டு? "பிடிக்கலைன்னா ஊருக்குத் திரும்பிப் போ" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களே, அதை என் மாமனார் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

பாலத்துக்கு வருகிறேன். ஜூன் 15க்குள் திறப்போம் என்றார்கள், மே 13க்கே இரண்டு பக்கமும் திறந்துவிட்டது. சீக்கிரம் முடித்தால் ஒப்பந்ததாரருக்கு 31 லட்சம் டாலர் வரை ஊக்கத்தொகை என்று பேசியிருந்தார்கள். அமெரிக்கப் புராணம் பாடுகிறான் என்று நினைக்காதீர்கள், எரியக்கூடிய சரக்கை அடியில் வருடக்கணக்கில் போட்டு வைத்ததும் இதே அமெரிக்காதான். தீ வைத்தாரென்று அங்கே ஒண்டியிருந்த, வீடில்லாத ஒருவரைக் கைது செய்தார்கள். சரக்கை வைத்தவர்களை யாரும் கைது செய்யவில்லை.

அப்பாவின் கதையும் இதோடு ஒட்டியதுதான். 80களில் ஒரு சிறுபாலத்துக்கு அடியில் ஒப்பந்ததாரர் தார் டிரம்மையும் சவுக்குக் கழிகளையும் அடுக்கியிருக்கிறார். அப்பா எடுக்கச் சொல்லி எழுதியே கொடுத்தார். ஒரு மாதத்தில் அவருக்குத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல். நான் மூன்றாம் வகுப்பு, பள்ளிக்கூடம் மாறினேன். இதை எங்கள் வீட்டில் அம்மா எத்தனையோ முறை சொல்லி நான் காதில் வாங்கியதில்லை.

திறந்த வாரம் புதுப் பாலத்தைக் காட்ட அப்பாவைக் கூட்டிப் போனேன். மேலே போகும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. "கீழ போ" என்றார். பீட்மான்ட் சாலையில் ஓர் ஓரமாக நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியே நீட்டித் தூணுக்குத் தூண் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.

ஃபிலடெல்ஃபியாவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி. அங்கே பழைய கண்ணாடி பாட்டில்களிலிருந்து செய்த லேசான கல்லைக் கொட்டி 12 நாளில் தற்காலிகச் சாலை திறந்தார்களே, அது கையில் எடுத்தால் எப்படி இருக்கும்? அப்பா ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில் கேட்கிறார்.